பதினேழாம் முட்டையும் என் பிராதும்

போனை எடுத்தபோது என் வாயில் பாதி இட்லி இருந்தது.

"சேகர், பதினேழாம் முட்டையைக் காணோம்" என்றது எதிர்முனை.

காலை வேளையில் இப்படி ஒரு வாக்கியத்தைக் கேட்டால் வேறு யாராவது ராங் நம்பர் என்று வைத்துவிடுவார்கள். எனக்கு அது பழகிய பேச்சு. பேசியது பிலோமினா மேடம், ஓய்வு பெற்ற விலங்கியல் பேராசிரியை. இளம் வயதில் கோழிக் கருவை வைத்து அவர் செய்த ஆராய்ச்சிக் குறிப்புகளை என் கம்ப்யூட்டர் சென்டரில் நான்தான் தமிழில் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு முட்டைக்கு ஒரு தாள். பதினாறு இருக்கிறதாம், பதினெட்டு இருக்கிறதாம், நடுவில் ஒன்று இல்லையாம்.

"நேத்து பிரிண்ட் எடுத்துக் குடுத்தனே மேடம். நல்லா பாருங்க."

"பார்த்துட்டேன். அந்த இடத்துல வேற ஒரு பேப்பர் இருக்கு. படிக்கட்டுமா?"

படிக்கச் சொன்னேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும் குரலில் ஆரம்பித்தார். "மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் திருவடிகளுக்கு, விருத்தாசலம் சேகர் எழுதிக்கொள்ளும் பிராது."

இட்லி அங்கேயே நின்றுவிட்டது. என் பிராது மேடத்திடம் இருக்கிறது. அப்படியானால், முந்தின நாள் சாயந்திரம் குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசி, நான் பயபக்தியோடு கோயிலில் கட்டிவிட்டு வந்த தாள் எது?

போனை வைத்த பிறகும் ரிசீவரைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளேயிருந்து விஜயா, என் மனைவி, யார் போனில் என்று கேட்டாள். முட்டை வியாபாரி என்று சொன்னேன். பொய் சொல்லும்போதுகூட என்னால் உண்மையை விட்டு ரொம்ப தூரம் போக முடிவதில்லை.

மனு வாங்கும் சாமி

எங்கள் பக்கத்து ஆட்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். வெளியூர் வாசகர்களுக்குச் சொல்கிறேன். டவுனை விட்டுக் கொஞ்ச தூரத்தில் இருக்கும் எங்கள் கொளஞ்சியப்பர், கும்பிட்டால் மட்டும் போதும் என்று விட்டுவிடுகிற சாமி இல்லை. அவரிடம் குறையைத் தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். இன்ன ஊர், இன்னார் மகன், இன்ன குறை என்று விவரமாக. அதைச் சாமி முன்னால் வைத்துக் கும்பிட்டு, சுருட்டி நூல் சுற்றி, முனியப்பர் சன்னிதி வேலில் கட்டிவிட்டால் பிராது தாக்கலாகிவிட்டது என்று அர்த்தம். குறை தீர்ந்ததும் திரும்ப வந்து ராஜினாமா செய்ய வேண்டும். அதாவது, கேஸ் முடிந்தது, பிராதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

முருகன் நீதிபதி. முனியப்பர் தீர்ப்பை நிறைவேற்றுகிறவர். இது என் சொந்தக் கருத்து இல்லை. கடைக்கு வரும் ஜனங்கள் சொல்லித் தெரிந்துகொண்டது.

பிராது கையால் எழுதுவதுதான் வழக்கம். ஆனால் கம்ப்யூட்டரில் அடித்தால் சாமி சீக்கிரம் படிப்பார் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். கிளப்பிவிட்டது நானாகவும் இருக்கலாம். நல்லூர்க்காரர் ஒருவர் காணாமல் போன காளைக்குப் பிராது அடிக்க வந்து, காளையின் அங்க அடையாளங்களை ஒரு முழுப் பக்கத்துக்குச் சொன்னார். கொம்பில் கீறல், முதுகில் மச்சம், கூப்பிட்டால் இடது பக்கம் திரும்பும் பழக்கம். இதெல்லாம் சாமிக்குத் தெரியாதா என்று கேட்டேன்.

"அவருக்குத் தெரியும் தம்பி. அவரு அனுப்புற ஆளுக்குத் தெரிய வேணாமா" என்றார்.

அன்றைக்கு நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்ற காலையில் அந்த வார்த்தைதான் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது. அவர் அனுப்புகிற ஆள் தாளில் என்ன இருக்கிறதோ அதைத்தான் பார்ப்பார். தாளில் இருப்பது பதினேழாம் முட்டை.

ஜன்னல் வைத்த முட்டைகள்

பிலோமினா மேடம் சென்னையில் ஒரு லேபில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்த காலம், கரு வளர்வதை வேடிக்கை பார்த்தது போதும், கொஞ்சம் சீண்டிப் பார்க்கலாம் என்று இங்கே சிலர் துணிந்த காலமாம். அடைக்கு வைத்த முட்டையின் ஓட்டில் சின்னச் சதுரமாக வெட்டி எடுப்பார்கள். அதற்குப் பெயரே ஜன்னல்தான். உள்ளே மஞ்சள் கருவின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி துடித்துக்கொண்டிருக்கும். அதுதான் இதயம். கோழிக்கு இன்னும் கோழி என்றே தெரியாத பருவம்.

அந்தப் பருவத்தில் இறக்கையாக வளரப்போகும் ஒரு மொட்டைக் கிள்ளி எடுத்து வேறொரு இடத்தில் நடுவார்கள். இடம் மாறியும் அது இறக்கையாகவே வளருமா, இல்லை புது இடத்துக்கு ஏற்ப மாறிக்கொள்ளுமா என்று பார்ப்பதற்கு. பிறகு ஜன்னலைக் கண்ணாடித் துண்டால் மூடி, மெழுகு வைத்து அடைத்து, சூட்டுப் பெட்டிக்குள் திரும்ப வைத்துவிடுவார்கள். தினமும் எட்டிப் பார்த்து எழுதிக்கொண்டே வருவார்கள்.

கருவைத் தொட்டு நகர்த்த இரும்பு ஆகாதாம், கிழித்துவிடுமாம். கைக்குழந்தையின் தலைமுடி ஒன்றை வளைத்து, கண்ணாடிக் குச்சியின் நுனியில் ஒட்டி, அந்த வளையத்தால்தான் தள்ளுவார்களாம். முடிக்காக மேடம், தன் அக்கா குழந்தைக்கு வேளாங்கண்ணியில் மொட்டை அடித்த அன்று கையில் காகிதப் பொட்டலத்தோடு போய் நின்றிருக்கிறார். நேர்த்திக்கடன் முடியைக் கேட்கிறாளே என்று அக்கா வருஷக்கணக்கில் பேசவில்லை.

இந்தக் குறிப்புகளை வடக்கே ஒரு ஆவணக் காப்பகத்திலிருந்து கேட்டிருந்தார்கள். ஆள் வந்து வாங்கிப்போவதாக ஏற்பாடு. இங்கிலீஷ் அங்கே போகட்டும், தமிழில் ஒன்று இங்கே இருக்கட்டும் என்று மேடம் முடிவு செய்தார். கண்ணில் புரை. அதனால் மதியம் கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் வந்து உட்கார்ந்து, லென்ஸை வைத்துப் பழுப்புத் தாள்களைப் பார்த்து, தமிழில் சொல்லச் சொல்ல நான் அடிப்பேன்.

"அது துடிச்சுது. போடு. மறுநாளும் துடிச்சுது. போடு. சாயந்திரம் நிறுத்தினோம். போடு."

காய்கறிக் கணக்கு சொல்வதுபோலச் சொல்வார். என் விரல் கீபோர்டின் மேல் நடுங்கும்.

நடுங்கியதற்குக் காரணம்

விஜயா அப்போது ஐந்தாம் மாதம்.

இதற்கு முன்னால் இரண்டு முறை உண்டாகி, இரண்டு முறையும் தங்கவில்லை. இதை வைத்து என்னால் ஒரு ஜோக்கும் அடிக்க முடியாது. முயன்று பார்த்திருக்கிறேன்.

அவள் தொழிற்பேட்டையில் ஒரு பீங்கான் யூனிட்டில் பொம்மைகளுக்குக் கண் எழுதும் வேலையில் இருந்தாள். முதல் முறை போனபோது, சூளைச் சூட்டில் நின்றதுதான் காரணம் என்றார்கள். வேலையை விட்டாள். இரண்டாம் முறை, திட்டக்குடி கல்யாணத்துக்கு பஸ்ஸில் போனதுதான் காரணம் என்றார்கள். பஸ் ஏறுவதை விட்டாள். குனிந்தது, நிமிர்ந்தது, பப்பாளி, பக்கத்து வீட்டு சாவு என்று தெருவில் ஆளுக்கொரு காரணம் கையில் வைத்திருந்தார்கள். எல்லாக் காரணமும் கடைசியில் அவள் செய்ததாகவே இருந்தது. நான் செய்ததாக ஒருவரும் ஒரு காரணமும் சொல்லவில்லை. எனக்கு அதிலும் ஒரு குறை.

மூன்றாவது முறை நான் வீட்டில் நடந்துகொண்ட விதத்தை விஜயா சொல்லித்தான் கேட்க வேண்டும். அவள் தும்ம வாயெடுத்தால் நான் ஓடிவந்து முதுகைப் பிடித்துக்கொள்வேன். யூனிட்டில் கழித்துப்போட்ட கோணல் கப்பில்தான் எங்கள் தெருவில் எல்லோரும் டீ குடிப்பது. கோணலில் குடித்தால் ஏதாவது ஆகிவிடுமோ என்று கடலூர் போய் எவர்சில்வர் டம்ளர் வாங்கி வந்தேன். ஒரு நாள் அவள் ஆழமாகப் பெருமூச்சு விட்டாள். கொஞ்சம் மெதுவாக விடேன் என்று கேட்டுக்கொண்டேன்.

"மூச்ச நிறுத்திடட்டுமாங்க? அப்ப ஒங்களுக்குப் பயமே இருக்காது" என்றாள்.

கடையில் மதியம் முழுக்கக் கருக்கள் நிற்கும். வீட்டுக்கு வந்தால் அவள் வயிற்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். அந்தக் குறிப்புகளில் ஒரு விஷயத்தை நான் கவனித்துவிட்டேன். அதை யாரிடமும் சொல்லவும் முடியவில்லை. இத்தனை முட்டை அடித்தாயிற்று, ஒன்றுகூட உயிரோடு முடியவில்லை. எல்லாத் தாளின் கடைசி வரியும் ஒரே மாதிரிதான் போய் நின்றது.

அன்று, முதலில் விட்டுப்போயிருந்த பதினேழை அடித்து முடித்தேன். "மதியம் பார்த்தபோது நின்றிருந்தது. அகற்றப்பட்டது." மேடம் வீட்டுக்குப் போனதும் அதே சூட்டோடு என் பிராதை அடித்தேன். இந்த முறை தங்க வேண்டும், தாயும் பிள்ளையும் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று.

எங்கள் ஊரில் பேப்பர் வெயிட் என்று யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லை. யூனிட்டில் கழித்துப்போட்ட பீங்கான் பியூஸ் கேரியர் ஒன்று எல்லா மேஜையிலும் இருக்கும். என் மேஜையில் இரண்டு. ஒன்றின் கீழ் பதினேழாம் முட்டை, இன்னொன்றின் கீழ் என் பிராது, இரண்டும் கவிழ்த்தபடி. பிராதைக் கட்டும் முன்னால் யார் கண்ணிலும் காட்டக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். ஃபேன் காற்றில் தாள் புரண்டு எழுத்து தெரிந்துவிடுமோ என்று பயந்து, எழுத்துப் பக்கம் உள்ளே போகும்படி அவசரமாகச் சுருட்டினேன். வழக்கத்தை அவ்வளவு சுத்தமாகக் கடைப்பிடித்ததில், என் கண்ணுக்குக்கூடக் காட்டவில்லை. மிச்சம் இருந்த தாளை மேடத்தின் தாள்கட்டுக்குள் செருகி, போகிற வழியில் அவர் வீட்டில் கொடுத்துவிட்டு, நேராகக் கோயிலுக்குப் போய்விட்டேன்.

தீராத குறைக்கு ராஜினாமா இல்லை

ஆக, அந்தக் காலையில் டிவிஎஸ் ஃபிஃப்டியை எடுத்துக்கொண்டு மணவாளநல்லூருக்குப் பறந்தேன். பறந்தேன் என்பது அந்த வண்டிக்கு அதிகப்படியான வார்த்தைதான்.

முனியப்பர் சன்னிதியில் போய் நின்றதும் கண் இருட்டியது. வேல் தெரியாத அளவுக்குப் பிராது. சுருள் சுருளாக, கொத்துக் கொத்தாக, மழையில் நனைந்து வெயிலில் காய்ந்து, ஊரிலிருக்கும் எல்லாக் குறையும் தொங்கிக்கொண்டிருந்தது. நேற்றுக் கட்டியது மேலாகத்தானே இருக்க வேண்டும் என்று கிட்டே போய்ப் பார்த்தேன். எனக்குப் பிறகும் நிறையப் பேர் கட்டியிருந்தார்கள். என் கடைப் பேப்பர் கொஞ்சம் தடிமன், தொட்டால் தெரியும் என்று நினைத்தேன். தொட தைரியம் இல்லை. மூக்கை நீட்டி டோனர் வாசனை வருகிறதா என்று பார்த்தேன்.

"இன்னா தம்பி, அடுத்தவங்க பிராத மோந்து பாக்குற" என்று பின்னாலிருந்து ஒரு அம்மாள் கேட்டார். பூசாரி திரும்பிப் பார்த்தார்.

நான் அவரிடம் போய், பிராதைத் திரும்ப வாங்க வேண்டும் என்றேன்.

"கொறை தீந்துடுச்சா?"

"தீரக் கூடாதுங்க. அதுக்குத்தான் ஓடியாந்தன்."

பூசாரி கையிலிருந்த விபூதித் தட்டைக் கீழே வைத்தார். தீராத குறைக்கு ராஜினாமா கிடையாது என்று பொறுமையாக விளக்கினார். நான் தாள் மாறிவிட்டது என்றேன். மாறிய தாளில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டார். அந்த இடத்தில் நின்று அந்த வரியைச் சொன்னால் இரண்டாம் தடவை தாக்கல் செய்த மாதிரி ஆகிவிடும் என்று எனக்குப் பட்டது. வாயை இறுக்க மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினேன்.

"நீ எழுதினதுதான? சொல்லேன்."

"நான் எழுதலீங்க. ஒரு மேடம் எழுதினது. நான் அடிச்சன், அவ்ளோதான்."

"அப்ப அந்தம்மாவத்தான் கூட்டியாரணும். யாரு பிராதோ அவங்கதான் ராஜினாமா பண்ணணும். நீ பண்ணினா செல்லாது."

சட்டம் தெளிவாக இருந்தது. வாதி பிலோமினா மேடம். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற, முன் வரிசையில் உட்காருகிற பிலோமினா மேடம்.

சிவப்புப் பென்சில்

மேடம் வீடு சர்ச்சுக்குப் பின் தெருவில். வாசலில் நான் செருப்பைக் கழற்றும்போதே என் பிராதைக் கையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். அதில் சிவப்புப் பென்சிலால் திருத்தியிருந்தார்.

"'நல்லபடியாக இருக்க வேண்டும்'னு எழுதியிருக்கே. நல்லபடின்னா என்ன? எடையா, மாசமா? எத்தனையாவது மாசம்னே போடலையே. படிக்கிறவருக்கு எப்படிப் புரியும்?"

மனிதன் உயிரே போகிற நிலையில் நிற்கும்போது இப்படிக் கேட்டால் என்ன பதில் சொல்வது? எனக்கு அழுகை வந்துவிட்டது. கோமாளிக்கு அழுகை வந்தால் பார்ப்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். மேடமும் லேசாகச் சிரித்தார். பிறகு நிறுத்திக்கொண்டு, உட்காரச் சொன்னார்.

எல்லாவற்றையும் கொட்டினேன். தாள் மாறியதை, பூசாரி சொன்ன சட்டத்தை, விஜயாவின் முதல் இரண்டை. கடைசியில் இத்தனை நாளாக உள்ளே வைத்திருந்த கேள்வியையும் கேட்டுவிட்டேன்.

"மேடம், ஒங்க முட்டையில ஒண்ணுகூடப் பொழைக்கலியே. ஏன் மேடம்?"

அவர் லென்ஸைத் துடைத்துக்கொண்டே, இதையா இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தாய் என்று கேட்டார். பிறகு சொன்னார். கருவுக்குள் என்ன மாறியிருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் அதை ஒரு கட்டத்தில் நிறுத்தித்தான் ஆக வேண்டும். நிறுத்தி, மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். அதனால் எழுதியதெல்லாம் இவர்களே நிறுத்தியது. ஜன்னல் வைக்காமல், கைபடாமல் விட்ட முட்டைகளும் பக்கத்திலேயே இருந்தன.

"அதெல்லாம் என்னாச்சு மேடம்?"

"பொரிச்சுது. லேப் பூரா கத்திக்கிட்டு ஓடுச்சு. பீரோவுக்கு அடியில பூந்துடும், பிடிக்கவே முடியாது. பொரிச்சதுக்கு யாரு நோட்ஸ் எழுதுவா சேகர்? அதைத் துரத்தவே நேரம் போயிடும்."

எனக்கு அப்படியே பாரம் இறங்கியது. இறங்கின வேகத்தில் திரும்ப ஏறியது. என் பயத்துக்கு ஒரு குணம் உண்டு. ஆறுதல் சொன்னால் அதில் ஓட்டை எங்கே என்று தேடும்.

"பதினேழு மட்டும் நீங்க நிறுத்தலியே. 'நின்றிருந்தது'ன்னுதான அடிச்சன்."

மேடம் எழுந்தார். அலமாரியிலிருந்து இங்கிலீஷ் மூலத்தை எடுத்து வந்தார். பழுப்புத் தாள், மங்கிய பென்சில் படம், ஓரத்தில் மெழுகுச் சொட்டு. அவருடைய அந்தக் கால எழுத்து, சின்னச் சின்னதாக, நேர்க்கோட்டில். லென்ஸை என்னிடம் கொடுத்து, "அகற்றப்பட்டது" என்பதற்கு முந்தின வரியைப் பார்க்கச் சொன்னார். அதை நானே தமிழில் அடித்திருந்தேன். பயத்தில் அது என் மண்டையில் ஏறவே இல்லை.

காரணம் தெரியவில்லை.

"பதினேழு தானா நின்னுது. சூடு சரியா இருந்துது, எல்லாம் சரியா இருந்துது. ரெண்டு வாரம் யோசிச்சோம். தெரியல. தெரியலன்னா தெரியலன்னுதான் எழுதணும்னு எங்க சார் சொல்வார். யார் தலையிலயும் கட்டக் கூடாதுன்னு."

நான் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் இத்தனை பேர் இருக்கிறார்கள். இந்த இரண்டு வார்த்தையை விஜயாவிடம் சொல்ல ஒருவருக்குத் தோன்றவில்லை. எனக்கும்தான்.

மேடம் கொடியிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். "வா. என் பேப்பர் அங்க தொங்குதுன்னா நான்தானே வாங்கணும். ஆட்டோ பிடி."

வாதி ஆஜர்

கழுத்தில் சிலுவைச் சங்கிலியோடு மேடம் முனியப்பர் சன்னிதியில் நின்றார். பூசாரிக்கு அதில் ஒரு சங்கடமும் இல்லை. எங்கள் பக்கம் பிராது கட்ட எல்லோரும்தான் வருவார்கள். ஆனால் முறைப்படி கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"ஒங்க கொறை இன்னாம்மா?"

"குறை ஒண்ணும் இல்லீங்க. பார்த்ததை எழுதினேன். அது தவறி இங்க வந்துடுச்சு. திரும்ப எடுத்துக்கறேன்."

"பாத்தத எழுதிக் கட்டினவங்க நீங்க ஒருத்தர்தாம்மா. மீதி எல்லாரும் வேணுன்றதத்தான் எழுதுறாங்க."

ராஜினாமா ஆனது. தாளைக் கொடுங்கள் என்று நான் கையை நீட்டினேன். தாளை அவிழ்க்க மாட்டார்களாம், சொன்னாலே போதுமாம், எது என்று சாமிக்குத் தெரியுமாம். அவருக்குத் தெரியும், அவர் அனுப்புகிற ஆளுக்கு என்று ஆரம்பித்தேன். மேடம் என் சட்டைக் காலரைப் பிடித்து ஓரமாக இழுத்தார். என் சரியான பிராதை, சிவப்புத் திருத்தங்களோடு, மாசம் சேர்த்து, அவர் கண் முன்னாலேயே கட்டினேன். கட்டும் முன் பிரித்து ஒரு தடவை படித்தேன். வழக்கம் போனால் போகட்டும்.

அன்றைக்கு மத்தியானம் சாப்பிடும்போது விஜயாவிடம் சொன்னேன். தாள் மாறியதை மறைத்துவிட்டு, மேடத்தின் முட்டையையும் அந்த வரியையும் மட்டும். அவள் ரசத்தைக் கலக்கிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"இன்னொரு வாட்டி சொல்லுங்க."

"காரணம் தெரியவில்லைன்னு எழுதியிருக்காங்க."

"படிச்சவங்களேவா?"

"லேப் வெச்சு, லென்ஸ் வெச்சுப் பாத்தவங்க. அவங்களுக்கே தெரியலயாம்."

அவள் எழுந்து கை கழுவிவிட்டு வந்து, அலமாரிக்கு மேல் கிடந்த கோணல் கப்பை எடுத்து, அதில் டீ ஊற்றிக் குடித்தாள். நான் தடுக்கவில்லை. தடுக்காமல் இருக்க இரண்டு கையாலும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன்.

ஒரு கேஸ் நிலுவையில்

மிச்ச மாதங்களை நான் எப்படிக் கழித்தேன் என்று எழுதினால் பத்திரிகை தனி இணைப்பு போட வேண்டியிருக்கும். ஆஸ்பத்திரி வராந்தாவில் நர்ஸ் என் பெயரைக் கூப்பிட்டபோது நான் இல்லை என்று சொன்னேன் என்பது மட்டும் போதும். மகள் பிறந்தாள். கத்திக்கொண்டேதான் வந்தாள்.

மேடத்தின் குறிப்புகளை வாங்க வடக்கிலிருந்து ஆள் வந்து போனார். தமிழ்ப் பிரதி இங்கே இருக்கிறது, பதினேழும் சேர்த்து. குழந்தையைப் பார்க்க வந்த மேடம் அவள் தலையைத் தடவி, முடி ரொம்ப மெல்லிசு, அருமையான முடி என்றார். அந்தப் பாராட்டின் உள்ளர்த்தம் எனக்கு மட்டும்தான் தெரியும். குழந்தையைக் கொஞ்சம் என் பக்கம் நகர்த்திக்கொண்டேன்.

குழந்தைக்குத் தலை நின்ற பிறகு ராஜினாமா செய்யப் போனோம். டிவிஎஸ்ஸில் கூட்டிப்போக பயந்து ஆட்டோ வைத்திருந்தேன். பூசாரிக்கு என்னை நன்றாக நினைவிருந்தது. இந்தத் தடவை குறை தீர்ந்துவிட்டதா, இல்லை தீரக் கூடாதா என்று கேட்டார். தீர்ந்தது என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டு நகர்ந்தேன். அவர் விஜயாவைப் பார்த்தார்.

"ஒன்னுது இன்னாம்மா ஆச்சு? நீயும் கட்டினியே."

எனக்குப் புரியவில்லை. விஜயா குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டாள்.

"அது இருக்கட்டுங்க. இன்னும் முடியல."

திரும்பி வரும்போது ஆட்டோவில் கேட்டேன். எப்போது கட்டினாய், யாரோடு போனாய், என்னிடம் ஏன் சொல்லவில்லை. உண்டான ரெண்டாம் மாசமே, அவள் தம்பியோடு போய்க் கட்டிவிட்டு வந்தாளாம். குழந்தைக்காகத்தானே, அதுதான் பிறந்துவிட்டதே, ஏன் முடிக்கவில்லை என்றேன்.

"கொழந்தைக்குக் கட்டல. அது வரும், வராது, நம்ம கையில இல்லன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. எனக்குப் பயம் ஒங்களப் பத்திதான். இதுவும் போச்சுன்னா இந்த மனுசன் தாங்க மாட்டாரு, சிரிக்கிற மாதிரி சிரிச்சிக்கிட்டே எங்கனா போயிடுவாரு. எதுவானாலும் இவரத் தாங்க வையி சாமின்னு எழுதினன்."

நான் வெளியே பார்த்துக்கொண்டேன். ரோட்டோரம் சவுக்கு மரங்கள் ஓடின. ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்று தேடினேன்.

அப்போது குழந்தை தும்மியது.

நான் ஆட்டோவை நிறுத்தச் சொன்னேன். டிரைவர் ஓரம் கட்டித் திரும்பிப் பார்த்தார். விஜயா முந்தானையால் குழந்தையின் மூக்கைத் துடைத்தாள்.

"நீங்க போங்கண்ணே, ஒண்ணும் இல்ல" என்றாள் அவரிடம். பிறகு என் பக்கம் திரும்பி, "இதுக்குத்தான் முடிக்கல" என்றாள்.